மாட்டு ஊசி முதல் மலைப்பாதை வரை: கானுயிர் கேள்வி – பதில்

கானுயிர்ப் பாதுகாப்பில் பொதுமக்களின் பங்கு குறித்துக் கேட்டு வந்த கடிதங்களில் பாதி, "நாங்கள் காட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லையே, எங்களால் என்ன ஆகும்?" என்ற தயக்கத்தோடு எழுதப்பட்டவை. மீதிப் பாதி, காட்டோரத்திலேயே வாழ்பவர்களின் மனக்குறைகள். இரு தரப்பிலிருந்தும் சில கடிதங்களைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

மாட்டுக்குப் போடும் வலி ஊசியால் கழுகு செத்துப்போகிறது என்று எங்கள் ஊரில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். மாட்டுக்குப் போட்ட மருந்து வானத்தில் பறக்கும் பறவையை எப்படிக் கொல்லும்? அந்த ஊசியை விட்டால் எங்களுக்கு வேறு வழிதான் என்ன?
– கறவை மாடு வளர்ப்பவர், சத்தியமங்கலம்

கூட்டத்தில் சொன்னது உண்மை. இறந்த விலங்குகளின் இறைச்சியையே நம்பி வாழும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளைத்தான் அந்த ஊசி கொல்கிறது. மாட்டுக்குக் காலில் அடிபட்டோ மடிவீக்கம் கண்டோ டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து போடப்பட்டு, ஓரிரு நாளில் அந்த மாடு இறந்துவிட்டால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் இரத்தத்தில் ஏறி, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. இறப்பதற்கு முன் சில நாட்கள், கழுத்தைத் தொங்கவிட்டபடி அந்தப் பறவை கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாறுகள் கூட்டமாக இரை உண்பவை என்பதால், ஒரே ஒரு மாட்டின் உடல் பல பறவைகளைக் கொன்றுவிடும். ஒரு சோடிப் பாறுகள் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதிலிருந்து வரும் குஞ்சு இனப்பெருக்க வயதை எட்ட ஐந்தாண்டுகள் வரை ஆகும். ஆகவே இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று.

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துபோயின. ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று பல ஆண்டுகள் சந்தேகித்து வந்த ஆய்வாளர்களுக்கு, பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியான பிறகே இந்த மருந்தின் கைவரிசை தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதர்களுக்காக விற்கப்பட்ட 30 மி.லி. குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால், 2015இல் 3 மி.லி.க்கு மேற்பட்ட குப்பிகளையும் அரசு நிறுத்தியது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்னும் வேறு இரு வலி மருந்துகளும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. இவற்றில் அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது.

வேறு வழி இருக்கிறது. மெலாக்சிகாம், டோல்ஃபினமிக் அமிலம் ஆகிய இரண்டும் மாட்டின் வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை, பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்து அறியப்பட்டவை. கால்நடை மருத்துவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போடும் முன் குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். மனிதர்களுக்கான மருந்துக் கடையில் மாட்டுக்கு ஊசி வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வலி ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால், வெளியில் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் உடலில், ஆத்திரத்தில் பூச்சிமருந்து தடவி வைப்பவர்கள் உண்டு. அதைத் தின்ன வரும் பாறுகளும் சேர்ந்து மடிகின்றன. மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு பெற வழி இருக்கும்போது, நஞ்சு வைத்தவருக்குக் கிடைப்பது வழக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் பாறுகள் கூடுகட்டி எஞ்சியிருப்பது உங்கள் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் என்பதால், நகரத்தில் இருக்கும் ஆயிரம் பறவை ஆர்வலர்களால் முடியாத காரியம் உங்கள் மாட்டுக்கொட்டகையில் முடியும்.

2025 சனவரியில் கடற்கரையில் நடக்கப் போனபோதெல்லாம் செத்த ஆமைகளைப் பார்த்தேன். ஏன் இப்படி? நடக்கப் போகிற நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, பெசன்ட் நகர், சென்னை

நீங்கள் பார்த்தவை பங்குனி ஆமைகள். அந்த மாதம் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் நூற்றுக்கணக்கில் அவை இறந்து ஒதுங்கின. கடல் ஆமைக்கு நம்மைப் போலவே நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய அந்த உயிர், இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் இழுபட்டால் மூச்சுத்திணறி இறந்துவிடுகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல் தொலைவுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டின் விதி. ஆமைகள் முட்டையிடத் திரள்வதும் அந்தக் கரையோர நீரில்தான். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி சூன் 14 வரை நீடிக்கிறது. ஆமைகள் பெருமளவில் கரையேறுவதோ சனவரி முதல் மார்ச் வரை. எனவே தடைக்காலம் ஆமைகளுக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஐந்து மைல் விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதுதான் உதவும். வலைக்குள் மாட்டிய ஆமை தப்பிச் செல்லத் திறப்பு வைத்த கருவி ஒன்று உண்டு. அதன் வழியே மீனும் போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். டீசல் செலவுக்கும் மீன் கிடைக்காத நாட்களைப் பார்த்தவர்களின் அச்சத்தை எள்ளி ஒதுக்குவது சரியல்ல. அவர்களை அரவணைத்துப் போக வழி உண்டு: பாக் விரிகுடாவில், வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பாராட்டும் முறை பலன் தந்திருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் மீனவர்களின் ஒத்துழைப்பை நம்பித்தான் இயங்குகிறது.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. சென்னையில் மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் பருவந்தோறும் இரவில் கடற்கரையோரமாக நடந்து, நாய்களும் மனிதர்களும் கைவைக்கும் முன் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். அந்த நடையில் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். ஒரு ஆமை சுமார் நூறு முட்டைகள் இடும். அவை பொரிய ஏறத்தாழ 50 நாட்கள் ஆகும். இரவில் மண்ணிலிருந்து மேலே வரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நகர்பவை. கடற்கரைச் சாலையில் எரியும் விளக்கும், மாடியில் எரியும் விளக்கும் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடுகின்றன. பருவம் முடியும்வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவைக்குமாறு உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். முட்டையிடும் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காமல், கைப்பேசியில் படமெடுக்காமல், பின்புறமாகத் தள்ளி நில்லுங்கள். இறந்த ஆமையைக் கண்டால் இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். எங்கே, எந்த வாரத்தில் அதிகம் இறக்கின்றன என்ற கணக்கு இருந்தால்தான் ரோந்துப் படகை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்க முடியும்.

எங்கள் பாட்டி பத்தாண்டுகளாகப் பச்சைக்கிளி ஒன்றை வளர்க்கிறார். பாசமாகத்தான் வளர்க்கிறோம். இதுகூடக் குற்றமா?
– வாசகர், திருச்சி

ஆம், குற்றம்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வைத்திருப்பது அனைத்தும் தண்டனைக்குரியவை. பாசம் விதிவிலக்கு ஆகாது. சந்தையில் ஒரு கிளிக்குஞ்சு விலைக்கு வருவதற்கு முன், பனைமரப் பொந்திலிருந்து அதனுடன் பிடுங்கப்பட்ட குஞ்சுகளில் எத்தனையோ செத்துப்போயிருக்கும். கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பத்தாண்டுகள் சோறும் கொய்யாவும் கையிலிருந்து வாங்கித் தின்ற பறவைக்கு இரை தேடவும் தெரியாது, பருந்துக்கு ஒளியவும் தெரியாது. மாவட்ட வன அலுவலகத்தில் நீங்களாகவே ஒப்படைப்பதுதான் முறை. அதிர்ஷ்டம் வரும் என்று நட்சத்திர ஆமையை வீட்டுத் தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

"யானையைக் காப்பாற்று" என்று பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காக்கிறவன் நான். காட்டுப்பன்றி ஒரே இரவில் மரவள்ளியைக் கிளறிப் போட்டுவிடுகிறது. கம்பியில் கரண்ட் வைக்காமல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
– விவசாயி, தாளவாடி

உங்கள் கோபம் நியாயமானது. கானுயிர்ப் பாதுகாப்பின் விலையை நாட்டிலேயே அதிகமாகக் கட்டுபவர்கள் காட்டோர விவசாயிகள்தாம். பயிர்ச்சேத இழப்பீடு தாமதமாக வருகிறது, வந்தாலும் விளைச்சலின் மதிப்புக்கு ஈடாவதில்லை என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காக வைத்த அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச்சுற்றி நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விலங்கு மட்டுமா? தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும், கம்பி வைத்தவரின் வீட்டாருமே இதில் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது.

சூரியசக்தி வேலி என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. மின்கலத்திலிருந்து, நொடிக்கு ஒரு முறை என்ற அளவில், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பாக மட்டுமே கம்பியில் மின்சாரம் ஓடும். தொட்ட விலங்கு அதிர்ந்து பின்வாங்குமே தவிர, உயிர் போகாது. அதற்கான பதிவையும் அனுமதியையும் முறையாகப் பெற்று, தரச்சான்று உள்ள கருவியை வாங்குங்கள். வேலி போட்டதோடு வேலை முடிவதில்லை; அடியில் வளரும் புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும். கைவிடப்பட்ட சூரியசக்தி வேலிகளில் பல புல் வெட்ட ஆளில்லாமல் கெட்டவை என்பதால், பத்துத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டு முறைவைத்துப் பராமரிப்பது நல்லது. பழத்துக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாய் சிதைந்து, பட்டினியாகவே பல நாள் அலைந்து சாகும் யானை பன்றிக்கு வைத்த வெடியில் மாட்டியதாகத்தான் இருக்கும்.

யானையால் மனிதர் இறப்பதைத் தடுப்பதில் வால்பாறை ஒரு நல்ல பாடம். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த அந்த மேட்டுநிலத்தில், யானை அருகில் இருப்பது தெரியாமல் மாலையிலும் இரவிலும் நடந்து போனவர்களே அதிகம் இறந்தார்கள் என்று ஆய்வில் தெரிந்தது. அதன்பிறகு யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாகத் தொழிலாளர்களின் கைப்பேசிக்கு அனுப்பவும், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கை எரியவிடவும் ஏற்பாடு செய்யப்பட்டது, உயிரிழப்பும் குறைந்தது. அந்த விளக்கைக் கைப்பேசியிலிருந்தே இயக்கியவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். உங்கள் பகுதிக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.

வயலில் பாம்பைக் கண்டால் அடிக்காமல் விட்டுவிடச் சொல்கிறீர்கள். கடித்துவிட்டால் யார் பொறுப்பு?
– வாசகர், விழுப்புரம்

பெரும்பாலான பாம்புக்கடிகள், பாம்பை மிதிக்கும்போதும் அதை அடிக்கப் போகும்போதும் நேர்கின்றன. நம் ஊரில் மனிதரைக் கொல்லும் கடிகளில் பெரும்பகுதி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினால் ஏற்படுபவை. வயலில் நீங்கள் அதிகம் காணும் சாரைப் பாம்புக்கு நஞ்சே கிடையாது. எலியைத் தின்று உங்கள் நெல்லைக் காக்கும் அந்தப் பாம்பைத்தான் நாம் அதிகமாக அடித்துக் கொல்கிறோம். இரவில் வரப்பில் நடக்கும்போது டார்ச் விளக்கும் கணுக்கால் மூடும் செருப்பும் இருந்தால் பாதி ஆபத்து நீங்கும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கக் கூடியது. கடித்த இடத்தில் பல் பதிந்த தடமும் வலியும் பெரிதாக இராது என்பதால், விடியற்காலை வயிற்றுவலியோ இமை தொங்கலோ வந்தால்கூட அலட்சியம் கூடாது. கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்வது நல்ல பாதுகாப்பு.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை, ஏனென்றால் இந்த நான்கு பாம்புகளுக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்தைத் தயாரிக்க நஞ்சு தருபவர்களில் முதன்மையானவர்கள், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், அது தடைசெய்யப்பட்ட பின் அதே கைத்திறனால் நஞ்சைச் சேகரித்துவிட்டுப் பாம்பை மீண்டும் வெளியில் விடுகிறார்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள். அவர்கள் வரும்வரை, தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கைப்பேசிக் கோபுரத்தால்தான் சிட்டுக்குருவி அழிந்ததா?
– மாணவி, சேலம்

அதற்கு உறுதியான சான்று இல்லை. நாடு முழுவதும் திரட்டிய பறவைப் பதிவுகளின்படி, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் ஒட்டுமொத்தத்தில் சிட்டுக்குருவி அழியவில்லை. கூடுகட்ட ஓட்டு இடுக்கும், குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சியும் இல்லாத இடத்தில் அது இருக்காது. கூடுகட்டப் பெட்டி தொங்கவிடுவது நல்லதே; வீட்டுச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம்தானே?
– வாசகர், மதுரை

இல்லை. சாலையோரத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு, காட்டுக்குள் இரை தேடுவதை விட்டுவிட்டு வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறது. அடிபட்டுச் சாகிறது, அல்லது பையைப் பிடுங்கி, கடித்து, கடைசியில் "தொல்லை" என்று பெயர் வாங்கிப் பிடித்துச் செல்லப்படுகிறது. மலைப்பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டுவதே பெரிய புண்ணியம். திம்பம் மலைப்பாதையில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் இறப்பது தொடர்ந்ததால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ளது. மதுப்புட்டிகளைக் காட்டுக்குள் எறிவதும் கொடுமையானது; யானையின் உள்ளங்காலுக்குள் இருப்பது மெத்தென்ற கொழுப்புத் திசு, உடைந்த கண்ணாடி அதில் ஏறினால் புண் சீழ்பிடித்து நடக்க முடியாமல் போகும். நீலகிரியில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை நீதிமன்றத் தலையீட்டால்தான் வந்தது. அறிவுரை சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது என்பது நமக்குப் பெருமை இல்லைதான்.

பள்ளி மாணவர்களைக் கொண்டு மலையில் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து வீசத் திட்டமிட்டிருக்கிறோம். ஆலோசனை சொல்லுங்கள்.
– ஆசிரியர், தருமபுரி

மாணவர்களுக்கு இயற்கை மீது நாட்டம் உண்டாக்க நினைக்கும் உங்கள் முயற்சியை மதிக்கிறேன். ஆனால் விதைப்பந்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மரமில்லாத மலையெல்லாம் பாழ்நிலம் அன்று. புல்லும் முட்புதரும் பாறையுமாக இருக்கும் நிலத்தில்தான் முயலும் கௌதாரியும் வாழ்கின்றன. அங்கே மரம் வளர்ந்தால் அவை இடம் இழக்கும். எந்த விதை எந்த மண்ணுக்கு உரியது என்று பார்க்காமல் எறிவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அழகுக்கும் விறகுக்கும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் எப்படிப் பரவின என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முதுமலையில் மான்களும் யானைகளும் மேய வேண்டிய புல்லை, மஞ்சள் பூப்பூக்கும் சென்னா மரங்கள் நிழலிட்டு மூடிவிட்டன. அவற்றை வெட்டி அகற்றி, காகித ஆலைக்கு அனுப்பும் வேலையை அரசே செய்ய வேண்டியதாயிற்று. கூடலூர்ப் பகுதியில் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டுகளை வளைத்து ஆளுயர யானை உருவங்கள் செய்து விற்கிறார்கள். களையை அகற்றுவதோடு கூலியும் கிடைக்கிறது.

மாணவர்களுக்கு வேறொரு வேலை கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாட்டின் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எந்த இடத்திலும், குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். பள்ளி மைதானம் போதும், ஏரிக்கரை இருந்தால் இன்னும் நல்லது. காகமும் மைனாவும்கூடக் கணக்கில் வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். அரிய பறவையை மட்டும் எழுதுகிற பட்டியலால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடுகட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதையும் வகுப்பில் சொல்லலாம். வசதி இருந்தால் இரண்டு இருநோக்கிகள் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே, வாரம் ஒரு நாள், காலை வழிபாட்டுக்கு முன்பு பழகத் தொடங்கிவிட்டால் பொங்கலுக்குள் இருபது பறவைகளையாவது பிள்ளைகள் தயங்காமல் அடையாளம் சொல்வார்கள்.